உக்ரைன் 2004: மோசடி நடந்த இடம்

ஆசிரியருக்கு,

உக்ரைனின் 2004 அதிபர் தேர்தல் என்றாலே மாஸ்கோவா, வாஷிங்டனா என்ற கேள்வியோடு பேச்சு நின்றுவிடுகிறது. இரு தரப்பும் தலையிட்டது உண்மை. அதிகாரபூர்வ முடிவு வருமுன்பே, ரஷ்யா ஆதரித்த வேட்பாளரும் அன்றைய பிரதமருமான யானுகோவிச்சை புதின் வாழ்த்தினார். வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்புகளுக்கு மேற்கத்திய நிதி வந்தது.

ஆனால் மோசடி நடந்தது வாக்குச்சாவடியில். வெளியூரில் வாக்களிக்கத் தரும் சான்றிதழை வைத்து ஒருவரே பல சாவடிகளில் வாக்களிக்க முடிந்தது. வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் நடமாடும் பெட்டியைப் பார்வையாளர்கள் பின்தொடர்வது கடினம். யானுகோவிச்சின் கோட்டையான கிழக்கு உக்ரைனின் டொனெட்ஸ்க் மாகாணத்தில் முதல் சுற்றில் 78 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு, நவம்பர் 21இல் நடந்த இரண்டாம் சுற்றில் 96ஐத் தாண்டியது. மூன்று வாரத்தில் இது இயல்பாக நடக்கக்கூடியதல்ல.

டிசம்பர் 3 அன்று யானுகோவிச் வென்றதாக அறிவித்த இரண்டாம் சுற்று முடிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஐந்தே நாளில் நாடாளுமன்றம் சான்றிதழுக்கும் வீட்டு வாக்குக்கும் கட்டுப்பாடு போட்டது. டிசம்பர் 26 மறுவாக்குப்பதிவில் எதிர்க்கட்சி வேட்பாளர் யுஷ்செங்கோ சுமார் 52, யானுகோவிச் 44 சதவீதம் பெற்றனர்.

அப்போதும் டொனெட்ஸ்கில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் யானுகோவிச்சுக்கே வாக்களித்தார்கள். அந்த வாக்கு எந்த அந்நியரும் திணித்ததல்ல. கிழக்குப் பகுதி மக்களின் சொந்த விருப்பம். அதைப் போலி என்று ஒதுக்குவது பெரும் தவறு.

- வாசகர், மதுரை