தீமிதிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

பத்தாங் பெர்ஜுந்தை (இப்போதைய பெஸ்தாரி ஜெயா) டவுனிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் எங்கள் மாரியம்மன் கோயில் தீமிதிக்கு உதவிய அனைவருக்கும் வணக்கம்.

நோட்டீஸில் பெயர் வந்தவர்களுக்குக் கோயிலிலேயே மாலை போட்டாயிற்று. இந்த மடல் பெயர் வராதவர்களுக்கு. யார் என்ன செய்தீர்கள், அது ஏன் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். பக்கத்துத் தோட்டக் கோயில்காரர்களுக்கும் உதவும்.

முதல் நன்றி விறகுக்கு. பால்மரம் (ரப்பர்) நிறைந்திருந்த காலத்தில் மறுநடவுக்கு வெட்டிய மரமே போதும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. இப்போது எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்பனை (எண்ணெய்ப்பனை). செம்பனைத் தண்டு பூக்குழிக்கு ஆகாது: நாரும் நீருமாக இருக்கும், காய வைத்தாலும் கங்கு நிற்காமல் சாம்பலாகிவிடும். வயதாகி வெட்டப்படும் பால்மரத்தையோ மேசை நாற்காலி செய்யும் ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. இந்த நிலைமையில் ஒன்றரை டன் பால்மரக் கட்டையைத் தன் லோரியிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டு, டீசல் காசுகூட வேண்டாம் என்று போன சிறுதோட்டக்காரர் அண்ணனுக்கு என்ன சொன்னாலும் தகும். 18 அடி நீளம், 8 அடி அகலக் குழியில் இரண்டு அங்குலக் கனத்துக்குக் கங்கு பரப்ப ஏறக்குறைய அவ்வளவு விறகு வேண்டும்.

அதைக் காய வைத்தவர்களுக்குத் தனி நன்றி. பால்மரம் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். தரையில் போடாமல் செங்கல் மேல் அடுக்கி, தலைக்கு மட்டும் தார்ப்பாய் போட்டு, பக்கங்களைக் காற்றுக்கு விட்டிருந்தீர்கள். அதுதான் முறை. நாலு பக்கமும் மூடிக் கட்டினால் உள்ளே வியர்த்து விறகு ஊறிப்போகும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டினால் ‘ணங்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால் இன்னும் ஈரம். ஈர விறகு புகையும், வெடிக்கும், கங்கும் ஒரே சீராக விழாது.

சிமெண்டுத் தரை மேல் நேராகத் தீ மூட்டக்கூடாது. சிமெண்டுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகிச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அதற்காகவே அரை அடிக்குக் காய்ந்த மணல் கொட்டி நிரவினோம். மணல் கொடுத்த ஹார்ட்வேர் (கட்டுமானச் சாமான்) கடைக்காரருக்கும், அதைச் சலித்த தம்பிகளுக்கும் நன்றி. பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மணல் முழுக்க இழுத்தீர்களே, அந்த வேலையைப் பலர் விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள். அதில் ஒட்டிய ஆணிகளைப் பார்த்திருந்தால் அப்படி நினைக்க மாட்டார்கள். மரக்கங்கின் மேல்பரப்பு 500 டிகிரி செல்சியஸை ஒட்டியிருந்தாலும், அதில் அடங்கியிருக்கும் சூடு குறைவு. அது காலுக்கு ஏறுவதும் மெதுவாகத்தான். ஓர் அடி வைத்து எடுக்க அரை நொடி. அதற்குள் பெரிதாக ஒன்றும் ஏறாது. இரும்பு அப்படியல்ல, தொட்ட கணமே சுட்டுவிடும். ஆணி அடித்த பேலட் (சரக்கு அடுக்கும்) பலகையை இலவசமாகத் தருகிறோம் என்று வந்தவர்களிடம் வேண்டாம் என்றதும், கொலுசு, மெட்டியைக் கழற்றச் சொன்னதும் இதனால்தான். அம்மன் அருளைப் பற்றி நாங்கள் பேச வரவில்லை. கங்கின் குணத்தை மட்டும் சொல்கிறோம்.

மாலை ஆறு மணிக்கு இறங்க வேண்டுமானால் பன்னிரண்டரை, ஒரு மணிக்கே மூட்டிவிட வேண்டும். கற்பூரமும் சிராய்த்தூளும் போதும். பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கமே போகக்கூடாது. நான்கு மணி வாக்கில் கொழுந்து அடங்கும். அதன் பிறகு நடக்கும் கங்கு வாரும் வேலைதான் முழு விழாவிலும் கடினமானது. பன்னிரண்டு அடி பச்சை மூங்கிலில் வாரி மாட்டி, ஈரச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு ஜோடியாக மாறி மாறி நின்ற அண்ணன்மாரே, உங்களுக்கு எங்கள் கும்பிடு. முழுதாக எரியாத கொள்ளிக்கட்டையை ஒன்று விடாமல் வெளியே இழுத்துப் போட்டீர்கள். அதைக் குழியிலேயே விட்டால் திடீரென்று கொழுந்து விடும். கங்கைவிட அதுதான் காலைச் சுடும். மேடு பள்ளம் இல்லாமல் நிரவியதும் அவ்வளவு முக்கியம், பள்ளத்தில் கால் புதைந்தால் மேல்பாதமும் வேகும். குழி ஓரத்தில் நிற்பவர்கள் பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும் என்று மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஐயா கண்டிப்பாகச் சொன்னார். சில பையன்களுக்கு முகம் சுருங்கியது. பாலியஸ்டர் ஜெர்சி தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் தம்பிகளா, அணியின் பெயரை முதுகில் காட்ட வேறு நாள் இருக்கிறது.

காப்புக் கட்டும் நாளன்றே வந்து பக்தர்களின் பாதங்களைப் பார்த்த தாதியர் அக்காமாருக்கு நன்றி சொல்லாமல் இந்த மடல் முடியாது. 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். சுட்டாலும் தெரியாது, நின்று நிதானமாக நடப்பார்கள், புண் வந்தால் ஆறாது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டீர்கள். தெரியவில்லை என்றவர்களைப் பால்குடத்துக்கு மாற்றினோம். வருத்தப்படாமல் ஒப்புக்கொண்ட பெரியவர்களுக்கும் நன்றி. கொப்புளம் போட்டவர்களை ஓடும் குழாய்த் தண்ணீரில் முழுசாக 20 நிமிடம் காலை நீட்ட வைத்ததும் நீங்கள்தான். ஐஸ், பற்பசை, மஞ்சள் எதையும் சுட்ட இடத்தில் வைக்க விடவில்லை.

உறுமி மேளக் குழுவினருக்கு ஒரு வார்த்தை. மழைக்காற்றில் தோல் தளர்ந்துவிடும் என்று தப்பையும் உறுமியையும் தனியாகத் தணல் போட்டுக் காய்ச்சிக்கொண்டீர்கள். பூக்குழித் தணலைக் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய உதவி, ஆள் குழியில் இறங்கும்போது தாளத்தை ஏற்றாமல் ஒரே நடையில் பிடித்தது. அடி வேகமெடுத்தால் கால் தானாக ஓடும். ஓடினால் விரல் கங்குக்குள் குத்தும், விரலிடுக்கில் கங்கு மாட்டும், பின்னால் வருபவர் மேலும் தெறிக்கும். கூட்டம் ‘ஏத்து, ஏத்து’ என்று கத்தியும் நீங்கள் அசையவில்லை. கைதட்டலை விட்டுக்கொடுத்த கலைஞர்கள் நீங்கள்.

ரத ஊர்வலம் பற்றிச் சுருக்கமாக. மின்கம்பிகளின் உயரத்தை முன்கூட்டியே பார்த்துச் சொன்னவர்களுக்கும், ரதத்தின் கலசத்தைக் கீல் வைத்து மடக்கும்படி செய்த வெல்டிங் கடைக்காரருக்கும், பாலத்து இறக்கத்தில் முட்டுக்கட்டையோடு சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நடந்தவர்களுக்கும் நன்றி. ரதம் ஏறிய டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லை. அந்தக் கட்டைதான் பிரேக்.

ரத விளக்குக்கு வந்த ஜென்செட்டில் (ஜெனரேட்டர்) 5 கேவிஏ என்று எழுதியிருந்தாலும் கையில் கிடைப்பது 4 கிலோவாட் அளவுதான். அதிலும் முக்கால் பங்குக்கு மேல் சுமை ஏற்றவில்லை. வயர்மேன் அண்ணன் நியூட்ரலை ஜென்செட்டின் உடம்போடும், மண்ணில் அறைந்த செம்புக் கம்பியோடும் இணைத்த பிறகே, மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி.யைச் சோதித்துக் காட்டினார். அந்த இணைப்பு இல்லாவிட்டால் கசியும் மின்சாரம் திரும்ப வழியில்லாமல், இ.எல்.சி.பி. இருந்தும் விழாது. வாடகை ஜென்செட் எடுக்கும் எல்லாக் கோயிலும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அன்னதானச் சமையற்கட்டுக்கு: 100 பேருக்கு 11, 12 கிலோ அரிசி என்ற கணக்கு இந்த முறையும் தப்பவில்லை. மொத்தத்தையும் காலையிலேயே வடித்துவிடாமல் மூன்று தடவையாக வடித்தீர்கள். வெதுவெதுப்பில் நாலு மணி நேரத்துக்கு மேல் கிடக்கும் சோற்றில் கிருமி பெருகி நஞ்சு உண்டாகும். மறுபடி சூடு காட்டினாலும் அந்த நஞ்சு போகாது. ரசத்துக்கு மட்டும் கடைசிப் பந்தியில் தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டோம். அது சுவைக்குக் கிடைத்த சான்றிதழ்.

பூக்குழியைத் தாண்டியதும் கால் நனைக்கும் பாற்குழி ஓரத்தில் சாக்கு விரித்து, வழுக்கி வந்தவர்களைத் தாங்கிப் பிடித்த இளைஞர் பிரிவுக்கும், வண்டி வரும் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிளைக்கூட நிறுத்த விடாத ரேலா (மக்கள் தொண்டர் படை) தொண்டர்களுக்கும், எங்கள் மேளச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு கடை வாசலில் தண்ணீர்த் தொட்டி வைத்த சீனக் கோப்பிக்கடைக் குடும்பத்துக்கும், பள்ளித் திடலை வண்டி நிறுத்தத் திறந்துவிட்டவர்களுக்கும் நன்றி.

சாம்பல் கேட்டு வருகிறவர்களுக்கு: மேலே ஆறியிருந்தாலும் அடியில் கங்கு இரண்டு நாள்கூட உயிரோடு கிடக்கும். வேலியை நாங்கள் எடுத்த பிறகு வாருங்கள், பிளாஸ்டிக் பையில் அள்ளாதீர்கள். இரவல் வந்த அண்டா, கரண்டி, வாரி, ஒரு நீல தார்ப்பாய் எல்லாம் கழுவி மண்டபத்தின் பின்னறையில் வைத்திருக்கிறோம். அடியில் பெயிண்டால் எழுதிய எழுத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். எழுத்து இல்லாத இரண்டு அண்டாக்களுக்கு உரியவர்கள் வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும்போது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தீமிதி ஏற்பாட்டுக் குழுவினர்