'சமாளிச்சுக்குவேன்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் அண்ணா

ஷெஃபீல்ட்
16 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். போனில் கூப்பிட்டால் "சரி சரி வெச்சுடறேன், உனக்குக் காசு போகும்" என்று வைத்துவிடுகிறீர்கள் (வாட்ஸ்அப்புக்குக் காசு போகாது என்று எத்தனை தடவை சொல்வது), வாய்ஸ் அனுப்பினால் அண்ணி பாதி கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார். அதனால் எழுதுகிறேன். மணி நாலரைதான், அதற்குள் கும்மிருட்டு. இந்த ஊரும் குன்னூர் மாதிரி ஏற்ற இறக்கம்தான், ஆனால் தேயிலையும் கிடையாது, குரங்கும் கிடையாது.

போன வாரம் நீங்கள் சொன்ன ஒன்று மனசிலேயே நிற்கிறது. ஊட்டிக்குப் போய் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதியுங்கள் என்றதற்கு, "சர்க்கரையில கால் போச்சுன்னு கவர்மென்ட்கிட்ட கையேந்தணுமா? நான் சமாளிச்சுக்குவேன்" என்றீர்கள். அந்த 'சமாளிச்சுக்குவேன்' எனக்கு எவ்வளவு நஷ்டம் வைத்தது என்று உங்களிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பீர்கள், அதனால்தான்.

வந்த புதிதில் எங்கள் விசாவிலேயே எழுதியிருந்தது, அரசு உதவிப் பணம் எதையும் கேட்கக் கூடாது என்று. உங்கள் மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்துச் சம்பாதித்ததுதான். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி வந்த பிறகும் நான் சும்மாதான் இருந்தேன். 2021-இல்தான் அவர் கூட வேலை பார்க்கும் ஒரு மலையாளிச் சேச்சி, "போலியோ கால் வெச்சுக்கிட்டு பி.ஐ.பி. போடாம இருக்கியே, பைத்தியமா நீ" என்று திட்டினார்.

பி.ஐ.பி. என்பது உடல் முடியாமையால் ஆகிற கூடுதல் செலவுக்காக இந்த நாட்டு அரசு தரும் பணம். 2013-இல் கொண்டுவந்தது. வேலைக்குப் போகிறவருக்கும் உண்டு, வீட்டில் வருமானம் எவ்வளவு என்று கேட்பதில்லை, வரியும் இல்லை. இரண்டு பாகம்: அன்றாட வாழ்க்கைக்கு ஒன்று, நடமாட்டத்துக்கு ஒன்று. சமைப்பது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது என்று மொத்தம் 12 விஷயங்களுக்குப் புள்ளி போடுவார்கள். ஒரு பாகத்தில் 8 புள்ளி எடுத்தால் சாதாரணத் தொகை, 12 எடுத்தால் கூடுதல் தொகை. நமக்கு எது முடியாதோ அதற்குத்தான் புள்ளி. பள்ளிக்கூடத்தில் படித்ததற்கு நேர் தலைகீழ்.

படிவம் போட்டேன். போனில் ஓர் அம்மா கூப்பிட்டு மதிப்பீடு செய்தார். மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்ல முடியாது. பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போவீர்களா? போவேன், சமாளிச்சுக்குவேன். சமைப்பீர்களா? அதெல்லாம் நன்றாகவே சமைப்பேன். மாடிப்படி? கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடுவேன். எனக்குள்ளே ஒரே பெருமை, பார்த்தாயா நான் யாருக்கும் பாரமில்லை என்று. ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நடப்பதற்கு 4 புள்ளி, மற்றதில் அங்கொன்று இங்கொன்று, பணம் ஒரு பைசா இல்லை. நான் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார்கள், அதுதான் கொடுமை.

அப்புறம் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்று ஒரு இலவச ஆலோசனை மையம் இருக்கிறது, அங்கே போனேன். வயதான ஒரு வெள்ளைக்காரம்மா கடிதத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டு வந்த அன்றைக்கு, அதே தூரத்தை மறுபடியும் உன்னால் நடக்க முடியுமா? எனக்குப் பதில் வரவில்லை. கடைக்குப் போய் வந்த நாளில் காலில் மாட்டும் தாங்கியை, அதுதான் காலிப்பரை, கழற்றிப் போட்டுவிட்டு சாயங்காலம் வரை படுத்துத்தான் கிடப்பேன், சோறு வடிப்பது உங்கள் மாப்பிள்ளைதான். ஆபத்தில்லாமல், ஒழுங்காக, திரும்பத் திரும்ப, மற்றவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நேரம் எடுக்காமல் செய்ய முடிந்தால்தான் அதற்கு 'முடியும்' என்று பெயராம். விதியிலேயே இருக்கிறது. நாற்பது வருஷமாக நான் 'முடியும்' என்று சொன்னதில் பாதி இந்தக் கணக்கில் 'முடியாது'.

ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம், கேட்டேன். இந்தத் தடவை பெருமையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எங்கே வலிக்கிறது, எத்தனை தடவை விழுந்தேன், குளிக்கும்போது எதைப் பிடித்துக்கொள்கிறேன் என்று ஒன்று விடாமல் எழுதினேன். எழுதும்போது அழுகை வந்தது. நடமாட்டத்தில் 12 புள்ளி வந்தது, 20 மீட்டருக்கு மேல் ஒழுங்காக நடக்க முடியாதவர் என்ற கணக்கில். 20 மீட்டர் என்றால் நம் லைன் வீட்டு வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை, அவ்வளவுதான். அன்றாட வாழ்க்கைக்குச் சாதாரணத் தொகை.

எவ்வளவு என்று அண்ணி கேட்பார். இந்த 2025-26 வருஷக் கணக்கில் வாரத்துக்கு அன்றாட வாழ்க்கைக்கு 73.90 பவுண்டு, நடமாட்டத்துக்கு 77.05 பவுண்டு, நாலு வாரத்துக்கு ஒருமுறை சேர்த்துப் போடுவார்கள். ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். இங்கே ஒரு தடவை டாக்ஸி ஏறி இறங்கினால் நம் ஊரில் ஒரு வாரத்துக்குக் காய்கறி வாங்கிவிடலாம், எனக்கோ டாக்ஸி இல்லாமல் முன்பெல்லாம் எங்கேயும் போக முடியாது.

அந்த 77.05 என் கைக்கு வருவதில்லை, நேரே காருக்குப் போய்விடுகிறது. மோட்டபிலிட்டி என்று ஒரு திட்டம், 1977-இல் ஆரம்பித்தது. நடமாட்டத் தொகையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் மூன்று வருஷத்துக்குப் புதுக் கார். இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், வழியில் நின்றுவிட்டால் தூக்க வருகிற வண்டி எல்லாம் அதிலேயே அடக்கம், சாலை வரியும் இல்லை. எனக்கு இடது கால்தானே, ஆட்டோமேட்டிக்கில் அதற்கு வேலையே இல்லை. நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் தனியாக ஒரு மேட்டில் ஏற்றி நிறுத்தியபோது உங்களைத்தான் நினைத்தேன். இலை வண்டியில் மூட்டைக்கு மேல் என்னை உட்காரவைத்துக்கொண்டு கொண்டை ஊசியில் இறங்குவீர்களே, 'கெட்டியாப் பிடிச்சுக்கோ' என்று கத்திக்கொண்டே.

கேளுங்கள், பணத்தைவிட அது வந்த கடிதம்தான் பெரிது. ஒரு கதவு திறந்தால் வரிசையாகப் பத்துக் கதவு. ஆனால் ஒன்றுகூடத் தானாகத் திறக்காது, ஒவ்வொன்றையும் போய்த் தட்ட வேண்டும், இந்தக் கதவு இருக்கிறது என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். எனக்குத் தெரிந்தது பாதி அந்தச் சேச்சி சொன்னது, மீதி சர்ச் வாசலில் நின்று பேசும்போது கேட்டது.

முதலில் வாங்கியது ப்ளூ பேட்ஜ். வண்டி நிறுத்துவதற்கான நீல அட்டை, மூன்று வருஷத்துக்கு 10 பவுண்டு (இதற்கே ஐம்பது பவுண்டு கேட்கிற போலி வெப்சைட்டெல்லாம் உண்டு, ஒரு தடவை மாட்டப் பார்த்தேன்). கூடவே அட்டையில் செய்த ஒரு கடிகாரம் தருவார்கள், குழந்தைகளுக்கு மணி பார்க்கச் சொல்லிக்கொடுப்போமே அந்த மாதிரி. மஞ்சள் கோடு போட்ட தெருவில் மற்றவர்கள் வண்டியை நிறுத்தினால் அபராதம். நான் வந்த நேரத்துக்கு முள்ளைத் திருப்பி கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் மூன்று மணி நேரம் ஒருவரும் ஒன்றும் கேட்க முடியாது. கடை வாசலிலேயே இறங்குகிறேன். மார்க்கெட் படிக்கட்டில் அப்பா என்னை முதுகில் தூக்கி இறங்கினதெல்லாம் அந்த அட்டைக் கடிகாரத்தைத் திருப்பும்போது ஞாபகம் வரும்.

அப்புறம் ஒரு சாவி. ராடார் சாவி என்பார்கள், இரும்பில் கனமாக, பழைய பங்களா கேட் சாவி மாதிரி இருக்கும். 1981-இலிருந்து நடக்கிற ஏற்பாடு, நாடு முழுக்க ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிக் கழிப்பறைகளை இந்த ஒரே சாவி திறக்கும். சிரிக்காதீர்கள், பெண்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். ஊட்டிக்குப் போவதென்றால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்பினவள் நான்.

ரயிலுக்கு வருஷம் 20 பவுண்டில் ஓர் அட்டை. எனக்கும் கூட வருகிறவருக்கும் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, அதாவது 60 பவுண்டு டிக்கெட் 40. லண்டனுக்கு ஒரு தடவை இரண்டு பேர் போய்வந்தாலே அட்டைக் காசு வந்துவிடும். சினிமாவுக்கு சி.இ.ஏ. கார்டு, நான் டிக்கெட் எடுத்தால் துணைக்கு வருகிறவர் இலவசம். தமிழ்ப் படம் வந்தால் உங்கள் மாப்பிள்ளை ஓசியில்தான் பார்க்கிறார், ஆனாலும் படம் சரியில்லை என்று அவர்தான் அதிகம் திட்டுவார். நம் சிம்ஸ் பூங்கா மாதிரியான பெரிய பெரிய தோட்டங்கள் நேஷனல் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் இருக்கின்றன, அங்கேயும் துணைக்கு இலவசம். வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு நடக்கும் வண்டி, குளியலறை நாற்காலி இதெல்லாம் வாங்கும்போது ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் 20 சதவீத வாட் வரி கிடையாது, இதற்குப் பி.ஐ.பி.கூட வேண்டாம். கிடைக்காததும் இருக்கிறது. என்னைக் கவனித்துக்கொள்கிறவருக்கு என்று ஒரு தொகை உண்டு, ஆனால் மாப்பிள்ளை சம்பளம் அதற்குரிய வரம்பைத் தாண்டிவிட்டது, கிடையாது என்றார்கள். நியாயம்தான்.

கடைசியாக வாங்கியது பஸ் பாஸ். கார் இருக்கும்போது எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு அது ஒரு வைராக்கியம். எட்டாவது படிக்கும்போது எனக்கு இலவச பாஸ் இருந்தது ஞாபகமிருக்கிறதா? ஒரு நாள் கூட்டத்தில் கண்டக்டர் ஒருத்தர், "நொண்டி பாஸா? உனக்கெல்லாம் காலங்காத்தால என்ன அவசரம், அடுத்த வண்டியில வா" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். அன்றிலிருந்து பாஸைப் புத்தகத்துக்குள் ஒளித்துவிட்டு, அம்மா மிட்டாய்க்குக் கொடுத்த காசில் டிக்கெட் எடுத்தேன். அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது, உங்களுக்கும் இப்போதுதான் சொல்கிறேன். நீங்கள் 'கையேந்தணுமா' என்றபோது எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது.

இந்த பாஸ் இருந்தால் இங்கிலாந்து முழுக்க வார நாட்களில் காலை ஒன்பதரைக்கு மேல் ராத்திரி பதினொன்று வரை, சனி ஞாயிறு முழு நாளும் பஸ் இலவசம். முதல் தடவை ஏறப்போனபோது கையில் பாஸை வைத்துக்கொண்டு நெஞ்சு படபடத்தது. டிரைவர் என் காலைப் பார்த்தார், ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினார், புஸ்ஸென்று காற்று இறங்கி பஸ்ஸின் அந்தப் பக்கம் அப்படியே தாழ்ந்து நடைபாதை உயரத்துக்கு வந்தது. யானை மண்டி போடுமே, அந்த மாதிரி. ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன், யாரும் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று.

வெள்ளைக்காரன் ஊர் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. முதல் தடவை கைவிரித்ததும் இவர்கள்தான், மறுபடி ஒரு நாள் மதிப்பீட்டுக்குக் கூப்பிடுவார்கள், அந்தப் பழுப்பு உறை வாசலில் விழுந்தாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் நம் ஊரிலும் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். தேடிப் பார்த்தேன். 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று டாக்டர் எழுதினால் பெரும்பாலான சலுகைகள் உண்டு. யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அட்டை நாடு முழுக்கச் செல்லும். 40-இலிருந்து 80 சதவீதத்துக்குள் என்றால் மஞ்சள் நிறம், 80-உம் அதற்கு மேலும் என்றால் நீலம். வெளியூர் அரசு பஸ்ஸில் கால் பங்கு டிக்கெட்தான். துணையில்லாமல் போக முடியாதவருக்கு ரயிலில் ஸ்லீப்பரில் 75 சதவீதம் தள்ளுபடி, துணைக்கும் அதே. செயற்கைக் காலை அரசே இலவசமாகத் தருகிறது, நீங்கள் கடன் வாங்கிக் கோயம்புத்தூரில் அளவு கொடுக்கப்போவதாக அண்ணி சொன்னார், தயவுசெய்து அதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். மாதாமாதம் உதவித்தொகையும் இருக்கிறது, கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2,000 ரூபாய். உங்களுக்கு அது வருமா என்பது சதவீதத்தைப் பொறுத்தது, கேட்டால்தான் தெரியும்.

செய்ய வேண்டியது இதுதான். அட்டைக்கு ஆன்லைனிலேயே பதியலாம், பெரியவனைச் செய்யச் சொல்லுங்கள், அவனுக்குப் போனில் தெரியாதது இல்லை. ஆதார், போட்டோ, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரி சீட்டு எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வையுங்கள், அசலை எவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். டாக்டர் பார்க்கும் நாளில் அண்ணியையும் கூட்டிப் போங்கள், ஏனென்றால் நீங்கள் உண்மையைச் சொல்ல மாட்டீர்கள். நடப்பீங்களா என்று கேட்டால், நல்ல நாளில் எப்படி என்று சொல்லாதீர்கள், மழை நாளில் கழிப்பறைக்கு இறங்கும் அந்த நாலு படியில் என்ன ஆகிறது என்று சொல்லுங்கள். இல்லை, அண்ணி சொல்லட்டும், நீங்கள் சும்மா இருங்கள்.

ஏப்ரலில் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. சென்னைக்கு எங்களைக் கூப்பிட வருவதாக இருந்தால் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறுங்கள், அதற்குள் ரயில் சலுகைக்கான அட்டையும் கையில் இருக்க வேண்டும். திரும்பும்போதும் அதே ரயில்தான், சலுகை கிடைத்தால் உங்களுக்கும் அண்ணிக்கும் கால் பங்கு டிக்கெட். என் இங்கிலாந்து அட்டை அங்கே செல்லாது, நான் முழுக் காசு கொடுத்துத்தான் வர வேண்டும். வழியெல்லாம் அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணுவீர்கள் என்று தெரியும், பரவாயில்லை.

வர்க்கி மட்டும் புதிதாகப் போட்டது பார்த்து வாங்கி வாருங்கள், போன தடவை பொடியாகத்தான் வந்து சேர்ந்தது.

அன்புடன்
உங்கள் தங்கை