இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம்

பாப்பாவுக்கு,

இருபது வயதுக்குட்பட்டோர் போட்டியில் நீ ஓடப்போகும் 3000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸுக்கான, அதாவது தடையும் தண்ணீர்ப் பள்ளமும் தாண்டும் ஓட்டத்துக்கான, படிவங்கள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுக் காலையிலேயே அனுப்பிவிட்டேன். உனக்குப் பதினேழுதான் ஆகிறது, ஊக்கமருந்துச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் பெற்றவர் சம்மதம் கேட்கத்தான் செய்வார்கள். உடல்நலப் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. அவசரத்தில் விட்டிருப்பாய்.

முதலில் ஷூ. அந்தப் பழைய ஸ்பைக்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடு. அதன் அடிப்பாகம் 25 மி.மீ. கனம், 2024 நவம்பர் முதல் டிராக்கில் 20 மி.மீ.க்கு மேல் அனுமதி இல்லை. ஆணி 9 மி.மீ.க்குள் இருக்கட்டும். லேஸ் இரட்டை முடிச்சு, நுனி உள்ளே செருகியிருக்க வேண்டும். தண்ணீரில் நனைந்தால் ஷூ தளரும். 2017-இல் அமெரிக்காவின் யூஜினில் கென்யாவின் செலிஃபின் செஸ்போல் இதே ஓட்டத்தின் நடுவே நின்று ஷூவைச் சரிசெய்துகொண்டு, பிறகும் 8:58.78-இல் ஓடி இருபது வயதுக்குட்பட்டோர் உலக சாதனை வைத்தாள். அவளுக்குச் சரி. நீ நின்றால் அவ்வளவுதான்.

போனதும் வாட்டர் ஜம்ப், அந்தத் தண்ணீர்ப் பள்ளம், டிராக் வளைவுக்கு உள்ளேயா வெளியேயா என்று பார். உள்ளே என்றால் ஒரு சுற்று சுமார் 396 மீட்டர், வெளியே என்றால் 419. பத்து நிமிடத்தில் முடிக்கும் கணக்குக்குச் சுற்றுக்கு உள்ளே 79 நொடி, வெளியே 84. 400 மீட்டருக்கு நீ பழகிய 80 நொடியை மனதில் வைத்துக்கொண்டு ஓடினால், வெளிப்பக்கத்தில் மெதுவாகப் போகிறோம் என்று பயந்து முதல் இரண்டு சுற்றிலேயே வேகத்தைக் கொட்டிவிடுவாய். முதல் சுற்றில் கண் திறந்து ஓடு. 2017 லண்டன் உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் கென்யாவின் பீட்ரிஸ் செப்கோச் தண்ணீர்ப் பக்கம் திரும்பாமல் நேரே ஓடி, திரும்பி வந்து தாண்டி, நான்காவதாக முடித்தாள். திரும்பி வராமல் இருந்திருந்தால் தகுதி நீக்கம்தான்.

தடை ஹர்டில் மாதிரி சாயாது, 80 முதல் 100 கிலோ எடை. 76.2 சென்டிமீட்டர் உயரம் உனக்கு ஒன்றுமில்லை. கூட்டத்தில் முன்னே ஓடுபவளின் முதுகு மறைத்துத் தடை தெரியாமல் போவதுதான் ஆபத்து, அதனால் கொஞ்சம் வெளியே தள்ளி ஓடு. தண்ணீர்ப் பள்ளம் முழுவதையும் தாண்டிக் காட்ட வேண்டாம். தடைமேல் பாதத்தை வை, இடுப்பைத் தாழ்த்து, பள்ளத்தின் கடைசி ஓரடிக்குள் ஒற்றைக்காலில் இறங்கி அடுத்த அடியை வெளியே வை. உயரக் குதித்தால் இறங்கும் காலில் அடி பலமாக விழும். ஏழு சுற்று, ஏழு முறையும் உனக்கு அதே வலது கால்.

அந்த வலது கால்தான். போன ஞாயிறு வீடியோவில் சித்தியிடம் பேசிக்கொண்டே நீ இடது காலில் பாரம் போட்டு நின்றாய். கேட்டதற்கு "பிடிப்பு" என்றாய். தசைப்பிடிப்பு பரவலாக வலிக்கும், சூடானதும் விட்டுக்கொடுக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் வலி, ஓட ஓடக் கூடுகிறது, பிறகு படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றால் அது எலும்பில் விரிசலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ எடுக்கச் சொல். தொடையிடுக்கில் வலித்தால் அந்த நிமிடமே ஓட்டத்தை நிறுத்து. தகுதிச் சுற்றாக இருந்தாலும் சரி, ஃபைனலாக இருந்தாலும் சரி.

ஒழுங்காகச் சாப்பிடு. ஓடி முடித்த அரை மணிக்குள் ஏதாவது வயிற்றுக்குள் போகட்டும். யாராவது ட்ரிப்ஸ் ஏற்றித் தெம்பாக்குகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதே. மருத்துவமனைச் சிகிச்சையோ முன் அனுமதியோ இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றினால், உள்ளே வெறும் உப்புத் தண்ணீராக இருந்தாலும் விதிமீறல். டப்பா பவுடரும் வேண்டாம். சாப்பாடுதான் வேண்டும். சுற்று நேரத்தை மட்டும் தவறாமல் அனுப்புகிறாய். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. உன் பேர் பட்டியலில் வந்த அன்று அப்பா அதை எத்தனை பேருக்கு அனுப்பினார் என்று உனக்குத் தெரியாது.

அந்தக் கட்டம், கடைசி மாதவிலக்குத் தேதி. நீ மறக்கவில்லை, எனக்குத் தெரியும். நீ ஊருக்கு வந்திருந்த பத்து நாளிலும் அலமாரியில் இருந்த பொட்டலம் பிரிக்காமலே இருந்தது. பார்த்தேன், கேட்கவில்லை. கடுமையாகப் பயிற்சி செய்தால் நின்றுவிடும், அது சகஜம் என்று கேம்ப்பில் யாராவது சொல்லியிருப்பார்கள். சகஜம் இல்லை. செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்றால் உடம்பு முதலில் அதைத்தான் நிறுத்தும், ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு மெலியும். ஒலிம்பிக் கமிட்டி இதற்கு 2014-இலேயே ரெட்-எஸ் என்று பெயர் வைத்துவிட்டது. மூன்று மாதம் வரவில்லை என்றால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். மாத்திரை போட்டு வரவைப்பது வைத்தியம் இல்லை. ரத்தம் வரும், எலும்பு அப்படியே இருக்கும்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் உன் எடையை நோட்டில் எழுதி வந்தேன். 48 ஆனபோது "நல்லது" என்று பக்கத்தில் எழுதியிருக்கிறேன். 46-க்கும் எழுதியிருக்கிறேன். டைமிங் குறைந்ததால் எடை குறைவதும் நல்லது என்று எடுத்துக்கொண்டேன். நீ என்னிடம் சொல்லாமல் இருந்ததில் என்ன ஆச்சரியம்? கேட்டிருந்தால் அன்றைக்கும் எத்தனை கிலோ என்றுதான் கேட்டிருப்பேன்.

போட்டி நடக்கும் வருட டிசம்பர் 31 அன்று பத்தொன்பதைத் தாண்டாதவர்கள் இதில் ஓடலாம். இரண்டு வருடம் கழித்து அடுத்தது வரும்போதும் உனக்கு வயது இருக்கும். அதனால் டாக்டர் இந்தத் தடவை வேண்டாம் என்றால் வேண்டாம். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். டீம் டாக்டரிடம் தனியாகப் போ, கூச்சமாக இருந்தால் பெண் டாக்டர் வேண்டும் என்று கேள். சாப்பிட்டுவிட்டுப் போ.

படிவத்தைத் திருப்பி வாங்கி அந்தக் கட்டத்தை நிரப்பு. தேதி ஞாபகம் இல்லை என்றால் மாதத்தையாவது எழுது.

அம்மா