மில்வாக்கியிலிருந்து அல்சூருக்கு

மில்வாக்கி
விஸ்கான்சின், அமெரிக்கா
நவம்பர் 17, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்த வரி இல்லாவிட்டால் அப்பா இதைக் கடிதம் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் இது அப்பாவுக்கு இல்லை, உனக்கு மட்டும். அம்மா கண்ணில் படாமல் படி. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

குளிர் வந்துவிட்டது. சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மிச்சிகன் ஏரிக்கரையில் நின்றால் காது கழன்று கையில் வந்துவிடும் போலிருக்கிறது. மறுகரையே தெரியாத அந்தத் தண்ணீரைப் பார்த்த பிறகு நம் பெங்களூர் அல்சூர் ஏரியை ஏரி என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்ன, இங்கே கரையில் வள்ளுவர் சிலையும் இல்லை, பக்கத்தில் தமிழ்ச் சங்கமும் இல்லை. நைட் டியூட்டி வாரங்களில் நாலைந்து நாள் வாயில் ஒரு தமிழ் வார்த்தை வராமலே போய்விடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என்னோடு நைட் பார்க்கும் சீனியர் நர்ஸ் ஒருவர் இருக்கிறார். பேரன் எடுத்தவர், கோபக்காரர், டாக்டர்களே பயப்படுவார்கள். ராத்திரி மூன்று மணிக்கு வார்டு அடங்கியதும் போனில் எதையோ படித்துத் தனக்குள் சிரித்துக்கொள்வார். ஒருநாள் கேட்டேவிட்டேன். காட்டினார். அட்டையில் சட்டையில்லாத ஒரு தடியன், உடம்பெல்லாம் பச்சை குத்தல், மேலே கையில்லாத தோல் வெஸ்ட், பின்னால் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள். 'மோட்டார் சைக்கிள் கிளப் ரொமான்ஸ்' என்று இது ஒரு தனி வகையாம். ஒன்றை எனக்கும் அனுப்பினார். இப்போது பதினோராவது ஓடிக்கொண்டிருக்கிறது. சிரிக்காதே.

மெத்தைக்கு அடியில் நீ ஒளித்து வைத்த மாத நாவல்களை எடுத்துச் சத்தம் போட்டு வாசித்து உன்னை அழவிட்டவள் நான்தான். மிரட்டித் தாலி கட்டிவிட்டு நூறாவது பக்கத்தில் உருகுகிறானே, இவனுக்காகவா கண்ணீர் விடுகிறாய் என்று கேட்டேன். அவனேதான் இங்கே ஹார்லி பைக் ஓட்டிக்கொண்டு வருகிறான், அக்கா.

இந்தக் கிளப்புகளின் சட்டதிட்டம் கேட்டால் நம் சாதிச் சங்கம் தோற்றுவிடும். புதிதாக வருகிறவன் முதலில் 'ப்ராஸ்பெக்ட்', அதாவது எடுபிடி. வண்டி துடைத்து, காவல் நின்று, திட்டு வாங்கி, எல்லோரும் ஓட்டுப் போட்ட பிறகுதான் வெஸ்டின் முதுகில் கிளப் சின்னம், அதாவது முழு பேட்ச். தலைவர், உபதலைவர், பொருளாளர் எல்லாம் உண்டு. அவர்கள் கூடும் கூட்டத்துக்குப் பெயர் 'சர்ச்', பாதிரியார் மட்டும் கிடையாது. மனைவியையும் நிலையான காதலியையும் 'ஓல்ட் லேடி' என்பார்கள். இருபத்துநாலு வயதுப் பெண்ணைக் கிழவி என்கிறான், அவளும் பூரித்துப் போகிறாள்! அவள் வெஸ்டின் முதுகில் 'இன்னாருடைய சொத்து' என்று தைத்துக் கொடுப்பது பெரிய மரியாதையாம். ஹொரமாவு பக்கம் காலி சைட்டில் 'இந்த இடம் இன்னாருக்குச் சொந்தம்' என்று போர்டு நட்டு வைப்பார்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் எனக்கு இன்னும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் நிஜத்தில் ஒரு வேர் இருக்கிறது. 1947 ஜூலையில் கலிஃபோர்னியாவில் ஹாலிஸ்டர் என்ற சின்ன ஊரில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடிக் குடித்துக் கலாட்டா செய்ய, பத்திரிகைகள் அதை ஊதிப் பெரிதாக்கின. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் ஒழுங்கானவர்கள் என்று யாரோ சொன்னதாக ஒரு பேச்சு. அப்படியானால் நாங்கள் அந்த மிச்சம் ஒரு சதவீதம் என்று சில கிளப்புகள் அதையே பேட்சாகத் தைத்துக்கொண்டன. அந்தமாதிரிக் கிளப்புகள் சிலவற்றின் மேல் போதை மருந்து, கொலை என்று பெரிய வழக்குகளே நடந்திருக்கின்றன. பெண்களை உறுப்பினராகச் சேர்ப்பதும் இல்லை. கதையில் இதையெல்லாம் சோப்புப் போட்டு அலசிவிடுகிறார்கள். இன்னொன்று, இங்கே விஸ்கான்சினில் பதினெட்டு தாண்டி முழு லைசென்ஸும் இருந்தால் ஹெல்மெட் கட்டாயமில்லை. நம் ஊரில் 2016-லிருந்து பின்னால் உட்காருபவருக்கும் கட்டாயம், இல்லையா? மண்டை உடைந்து வருபவர்களைக் கோடை முழுக்க நான் பார்க்கிறேன். பதினோரு புத்தகத்திலும் ஹீரோ ஒருவனுக்குக்கூட உடையவில்லை.

பிறகு ஏன் படிக்கிறேன் என்று கேட்பாய். போன பிப்ரவரியில் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது என்றேனே, அன்று நடந்ததை முழுதாகச் சொல்லவில்லை. ஒரு கையால் போனைப் பிடித்து டாக்ஸி கூப்பிட்டு, தனியாகப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு, தனியாக வந்து படுத்தேன். நாள் முழுக்க யாரும் கதவைத் தட்டவில்லை. தட்டுவதற்கு யாருக்கும் தெரியவும் தெரியாது. இந்தக் கதைகளில் கதாநாயகி வரும்போது என்னை மாதிரி ஒரு பெட்டியோடுதான் வருகிறாள். நாலாவது அத்தியாயத்துக்குள் ஒருவன் அவள் காரைச் சரிசெய்கிறான், ஒருவன் மனைவி சாப்பாடு கொண்டு வருகிறாள், யாரையும் கேட்காமல் ஒருவன் வாசலில் காவலுக்கு நிற்கிறான். அவளுக்கு அடிபட்டால் ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கத் தோல் வெஸ்ட். அந்தப் பக்கத்தில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்த அன்று எத்தனை பேர் வந்தோம்? வாட்ச்மேன் இரண்டு முறை விரட்டினார். சித்தப்பா வெளியே போகிற மாதிரி போய்ப் பின்வாசல் வழியாக இட்லியோடு வந்தார்.

ஒவ்வொரு புத்தகத்திலும் ஒருவனுக்கு ஜோடி சேரும். முதல் புத்தகத்தில் முறைத்துக்கொண்டு நின்றவள் நாலாவதில் வயிற்றுப்பிள்ளையோடு வந்து பந்தி பரிமாறுவாள். கல்யாண வீட்டில் பழைய முகத்தைப் பார்த்த மாதிரி எனக்குச் சந்தோஷமாகிவிடும். முடிவு எப்படியும் சுபம், அது இந்த வகையில் எழுதாத சட்டம். சீனியரிடம் இதைச் சொன்னேன். "வார்டில் முடிவு தெரியாமல் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறோம், ஓய்வு நேரத்திலுமா?" என்றார். அவருடைய முதல் கணவரும் வண்டிக்காரர்தானாம். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உனக்கும் ஒன்று அனுப்புகிறேன். போனில் படித்தால் அட்டை யாருக்கும் தெரியாது. நிச்சயத்துக்கு முன்னால், தெருமுனையில் மாமாவின் யெஸ்டி பைக் சத்தம் கேட்டதும் ரேடியோவைக் குறைப்பாயே, அதைச் சொல்லியே உன்னைப் படிக்க வைத்துவிடலாம் என்று நம்புகிறேன். கிக்கரே கியராகவும் மாறும் என்று மாமா எனக்குக் காட்டிக் கொடுத்ததை இங்கே ஹார்லிக்காரர் ஒருவரிடம் சொன்னேன். அவர் நம்பவேயில்லை.

அம்மா அந்த யெஸ்டியை எடைக்குப் போடச் சொல்கிறாராமே. மைசூர் ஃபேக்டரியை மூடியதே 1996-இல். இனி அந்தப் பழைய வண்டியை எங்கே போய் வாங்குவது? தார்ப்பாயை எடுத்துவிட்டு, மாமாவை ஒருதரம் ஸ்டார்ட் செய்யச் சொல். சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு. பருப்புப் பொடியும் தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
உன் தங்கை