கோதுமை வயலும் மஞ்சள் சுவரும்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. அங்கே போலவே இங்கும் விடாத மழை. நீயும் பாப்பாவும் மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டில், சதுரக் கட்டிகளான பிளாக்குகளை அடுக்கி, புதுச்சேரி வெள்ளை நகரத்து வீதி ஒன்றைக் கட்ட ஆரம்பித்திருப்பது எனக்கு அவ்வளவு சந்தோஷம். வயல் ஏன் அடிக்கடி வெறும் மண்ணாகிறது, மஞ்சள் சுவரை எதில் கட்டுவது என்று கேட்டிருந்தாய். இரண்டிலும் தண்ணீர்தான் விஷயம். உன்னிடம் இருப்பது அந்த விளையாட்டின் ஜாவா பதிப்பு என்பதால் அதன் கணக்கையே சொல்கிறேன்.

முதலில் வயல். கொத்திய மண்ணிலிருந்து நாலு பிளாக்குக்குள் தண்ணீர் இருக்க வேண்டும், மூலைவாட்டமாக இருந்தாலும் சரி. அது மண்ணின் மட்டத்திலோ அதற்கு ஒரு பிளாக் மேலேயோ நிற்கலாம், கீழே நிற்கக் கூடாது. உன் வாய்க்காலை நீ இரண்டு பிளாக் ஆழம் வெட்டி, தண்ணீரை அடியில் விட்டிருக்கிறாய். அதனால் மண் நனையவில்லை. விதைக்காத பாத்தி காய்ந்தால் சாதா மண்ணாகிவிடும். விதைத்தது மெதுவாக வளரும். 9-க்கு 9 சதுரம் எடுத்து, நடுவில் ஒரு பிளாக் மட்டும் தோண்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்று. மீதி 80 பாத்தியும் நனையும்.

இன்னொரு காரணம் குதிப்பது. பாத்தி மேல் நடந்தால் ஒன்றும் ஆகாது. குதித்து இறங்கினால் மண் இறுகி, பயிரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆடு மாடு மேலிருந்து விழுந்தாலும் அப்படித்தான். சுற்றி வேலி போடு. 39 வேலித் துண்டும் ஒரு கேட்டும் வேண்டும், 18 மரக்கட்டை வெட்டினால் போதும்.

வெளிச்சத்தைப் பலரும் கவனிப்பதில்லை. பயிர் வளர வெளிச்ச அளவு 9 வேண்டும். தீப்பந்தம் 14 தரும், லாந்தர் 15 தரும், ஒரு பிளாக் தள்ளினால் ஒன்று குறையும். நாலு மூலை வேலிக் கம்பத்தின் மேல் மட்டும் தீப்பந்தம் வைத்தால் வயலின் நடுப்பகுதிக்கு எட்டாது. நடுவில் இருக்கும் தண்ணீரில் ஸ்லாப் என்னும் அரை பிளாக் ஒன்றை மேல்பாதியில் பொருத்து. தண்ணீர் அதற்குள்ளேயே நிற்கும், மண்ணும் நனையும். அந்த ஸ்லாப் மேல் ஒரு லாந்தர் வை. 8 இரும்புத் துணுக்கும் ஒரு தீப்பந்தமும் சேர்ந்தால் லாந்தர், ஒரு இரும்புக் கட்டியில் 9 துணுக்கு வரும். மூலைத் தீப்பந்தமும் நடு லாந்தருமாக எல்லாப் பாத்தியிலும் 9-க்குக் குறையாது. இரவெல்லாம் வளரும். ஆனால் கட்டிலில் படுத்து இரவைத் தாண்டினால் அந்த இரவின் வளர்ச்சி கிடையாது. வயலை விட்டு வெகுதூரம் போனாலும் பயிர் அப்படியே நின்றுவிடும்.

ஒரே பயிரை வயல் முழுக்க நடாதே. கோதுமைக்கு நாலு பக்கமும் கோதுமையே இருந்தால் வளர்ச்சி பாதியாகும். ஒரு வரிசை கோதுமை, அடுத்த வரிசை கேரட் என்று மாற்றி மாற்றி நடு. நம்மூர் ஊடுபயிர் மாதிரிதான். பொன்னிறமாகி முற்றிய பிறகு அறு. முன்னாடியே அறுத்தால் ஒரு விதை மட்டும்தான் மிச்சம்.

இனி சுவர். சுவர் வேலையும் இந்த வயலிலிருந்துதான் கிளம்புகிறது. 10 பிளாக் நீளம், 5 பிளாக் உயரம் என்று ஒரு வீட்டின் முகப்பை வைத்துக்கொள். மேலே ஒரு வெள்ளை வரி, கீழே நாலு வெள்ளைத் தூண் பட்டை. வெள்ளைக்கு 26 பிளாக், மஞ்சளுக்கு 24. நாலு மணல், நாலு சரளை, ஒரு சாயம் சேர்த்தால் 8 கான்கிரீட் பவுடர், தண்ணீர் பட்டால் அது கான்கிரீட்டாக இறுகும். ஆக மஞ்சளுக்கு 3 முறை, வெள்ளைக்கு 4 முறை செய்ய வேண்டும். மொத்தம் 28 மணல், 28 சரளை. சரளை தோண்டும்போது பத்தில் ஒன்று சிக்கிமுக்கிக் கல்லாகப் போய்விடும், அதனால் நாலைந்து கூடுதலாகத் தோண்டு. மஞ்சள் சாயத்துக்கு மூன்று டாண்டெலியன் பூ. வெள்ளைக்கு எலும்புத்தூள். மிஞ்சிய கோதுமை விதைகளை எலும்புத்தூளாக்க, கம்போஸ்டர் என்னும் மரத் தொட்டியில் போடு. 7 மர ஸ்லாபில் அதைச் செய்யலாம். ஒரு தூளுக்குச் சுமார் 20 விதை தின்னும். அவசரம் என்றால் எலும்புக்கூடு ஒன்றை வீழ்த்து, ஒரு எலும்பில் மூன்று தூள். எலும்புத்தூளை எல்லாம் பயிருக்கே போட்டுத் தீர்த்துவிடாதே.

பவுடர் மணல் மாதிரி, அடியில் பிடிமானம் இல்லாவிட்டால் விழும். வாசல் மேல் நிலைக்கு வைக்கும்போது கொத்தனார் சென்ட்ரிங் அடிப்பதைப் போல அடியில் மண் பிளாக் கொடு, இறுகிய பிறகு எடுத்துவிடு. இறுக வைக்க மழை உதவாது, பாட்டில் தண்ணீரும் உதவாது. பவுடரின் பக்கத்திலோ மேலேயோ தண்ணீர் தொட வேண்டும். சுவர் முழுவதையும் பவுடரில் ஏற்றிவிட்டு, உச்சியில் ஒரு வாளி ஊற்று. வழிந்து இறங்கும்போது தொட்டதெல்லாம் கான்கிரீட்டாகும். பிறகு அதே வாளியில் தண்ணீரை அள்ளி, இறுகாமல் நிற்கும் இடத்துக்கு மேலே மறுபடி ஊற்று, எல்லாம் இறுகியதும் அள்ளிவிடு. இங்கேதான் உன் வயலுக்கு ஆபத்து. சமதரையில் தண்ணீர் 7 பிளாக் வரை ஓடும், வழியில் இருக்கும் பயிர், தீப்பந்தம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். சுவருக்கும் வயலுக்கும் குறைந்தது 10 பிளாக் இடைவெளி விடு. இறுகிய சுவரைப் பிக்காக்ஸால்தான் உடைக்க வேண்டும், கையால் உடைத்தால் பிளாக் கிடைக்காது.

மஞ்சள் கான்கிரீட் புதுச் சுண்ணாம்படித்த மாதிரி பளிச்சென்று இருக்கும். வெயிலும் உப்புக்காற்றும் பட்டு மங்கிய பழைய சுவர் வேண்டுமென்றால் மஞ்சள் டெரகோட்டாதான் என் கண்ணுக்குச் சரி. ஆற்றுப் படுகைக் களிமண் பிளாக்கை உலையில் சுட்டால் டெரகோட்டா, 8 டெரகோட்டாவுக்கு ஒரு மஞ்சள் சாயம். தண்ணீர் வேலையே இல்லை.

புதுச்சேரியில் வெள்ளை நகரத்தைப் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழர் வீதியையும் கட்டப் போகிறீர்கள் என்றால், மண் செங்கல் எடுத்துக்கொள். பாட்டில் தண்ணீரை மண்ணில் ஊற்றினால் சேறு. புல் பிளாக்கில் ஊற்றினால் ஆகாது, அதை ஒருமுறை தோண்டி மண்ணாக வை. சேறும் கோதுமையும் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்தால் கெட்டிச் சேறு, அதில் நாலு வைத்தால் நாலு செங்கல். வைக்கோல் மிதித்துச் சுவர் வைத்த ஊர்க்காரர்களுக்கு இதைப் பார்க்கவே நிறைவாக இருக்கிறது. திண்ணைக்கு அரை பிளாக் ஸ்லாப் போடு, முழு பிளாக் உயரம் அதிகம்.

வீதி அகலம் எத்தனை பிளாக் எடுத்தாய் என்று எழுது. 5-க்குக் குறைவாக இருந்தால் இரு பக்கத் திண்ணையும் வந்த பிறகு நடக்க இடம் இருக்காது.

அன்புடன்,
சேகர்