பசை காயவில்லை: கோடைக் கற்றல் முகாம் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

ஷாலோம். அடுத்த கோடையிலும் நமது யூதக் கற்றல் முகாமில் தங்கிப் பணியாற்றும் கலைஞராக வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றி. எனக்கு ஓர் அறை வேண்டும். வாரம் முழுக்க வேறு யாருக்கும் தராத, பூட்டுப் போட்ட அறை. இதைத் தனியாக இரண்டு முறை எழுதிக் கேட்டேன், "பார்க்கலாம்" என்றீர்கள். அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரியும். தோராப் பேழைக்கு, அதாவது யூத வேதச் சுருள்களை வைக்கும் பெட்டிக்கு, முன் தொங்கவிட, காகிதத்தில் வெட்டிய உருவங்களைத் துணியில் ஒட்டி ஒரு திரை செய்துகொண்டிருந்தோம். எனக்குக் கிடைத்த இடம் சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு மூலை, அதுவும் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில். கை நடுங்கும் ஒரு பாட்டி இரண்டு நாள் உட்கார்ந்து ஒரே ஒரு மாதுளம்பழம் வெட்டினார், விதை விதையாக. அதை ஒட்டி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளான சப்பாத்தின் விருந்துக்கு மேசை வேண்டும் என்று பிள்ளைகள் வந்தார்கள். ஈரப் பசையோடு திரையைச் சுருட்டி, சமையலறைக் கிடங்கில் ஃப்ரீசர் பக்கத்தில் சாய்த்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு யார் சொன்னது?

சப்பாத் விளக்கேற்றியாயிற்று, இனி வேலை கூடாது. அதன்பின் யாரும் அதைத் தொடவில்லை, நானும் தொடவில்லை. சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்து, சப்பாத்தை நிறைவுசெய்யும் ஹவ்தாலாச் சடங்கு முடிந்து பிரித்தபோது மாதுளை இரண்டாகக் கிழிந்தது. பாட்டி "பரவாயில்லை" என்றார். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை.

தோரா வகுப்புகளுக்கெல்லாம் கதவுள்ள அறைகள் இருந்தன. அதில் ஒன்றில் மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பின் பாடம் நடந்தது: சப்பாத்தில் விலக்கப்பட்ட வேலைகள் நாற்பதுக்கு ஒன்று குறைவு. சாயமேற்றுவது, தைப்பது, எழுதுவது, அழிப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. பாலைவனத்தில் இஸ்ரவேலர் வழிபடுவதற்கான ஆசரிப்புக் கூடாரத்தை எழுப்பிய கைவேலைகள்தாம் இவை என்று அழகாக விளக்கினார்கள். ஆக, சப்பாத் அன்று மட்டும் இது வேலை. மற்ற ஆறு நாளும் பொழுதுபோக்கு, மழை பெய்தால் குழந்தைகளை உட்கார வைக்க ஓர் ஏற்பாடு! அந்தக் கூடாரத்தைச் செய்த தலைமைக் கைவினைஞர் பெசலேல் கேட்டதற்கு மேலேயே பொருள் வந்து குவிய, மோசே "போதும், கொண்டுவராதீர்கள்" என்று அறிவிக்க வேண்டியிருந்தது. நான் நான்கு கத்தரிக்கோலுக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன்.

இங்கே எல்லோரும் ஆசிரியர், எல்லோரும் மாணவர், யாருக்கும் தனிச் சலுகை இல்லை என்பீர்கள். 1968-இல் அமெரிக்காவில் ஹவுராத் ஷாலோம் என்ற குழு தொடங்கிய காலத்திலிருந்து, சேர்ந்து படித்து வழிபடும் ஹவூரா என்ற யூதச் சிறு குழுக்களின் வழக்கம் அது. எனக்கும் அது பிடித்துத்தான் வருகிறேன். ஆனால் பேசுகிறவருக்குப் பேச்சு முடிந்தால் எழுந்து போய்விடலாம். என் வேலை காய வேண்டும், காயும்வரை ஓரிடத்தில் கிடக்க வேண்டும். இஸ்ரேலில் உள்ள பழைய பெய்த் அல்ஃபா ஜெப ஆலயத் தரையில் மொசைக் பதித்த மரியானோசும் அவர் மகன் ஹனினாவும் தங்கள் பெயரையே அங்கே பதித்துவைத்திருக்கிறார்கள். நான் பெயர்கூடக் கேட்கவில்லை.

சரி, கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: தயவுசெய்து ஓர் அறை, ஒரு பூட்டு, ஞாயிறு காலைவரை சாவி என் கையில். அறை எண்ணோடு கடிதம் வந்தால் அன்றே சம்மதம் எழுதுகிறேன்.

அப்புறம், திரையை வீட்டில் வைத்து மெல்ல ஒட்டிக்கொண்டிருக்கிறேன். மாதுளையின் மேல்பாதி மட்டும் காணவில்லை. கிடங்கில் எங்காவது கிடந்தால் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
கடந்த கோடை உங்களோடு தங்கியிருந்த காகிதக் கலைஞர்