ஜாயிண்ட்டை மூடும் முன் நுரை போட்டுக் காட்டுங்கள்

சமையல் மேடைக்குள் பதிக்கும் கேஸ் அடுப்பான ஹாப்பைத் தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றின் பெயரில் வீடுகளுக்கு ஆள் அனுப்பும் சேவை மையங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரிடம் நான் கொடுத்த புகாருக்கு, "பழுது சரிசெய்யப்பட்டது, புகார் முடிக்கப்பட்டது" என்று ஒரு வரியில் பதில் வந்தது. பழுது சரியானது உண்மைதான். ஆனால் நான் கேட்டது வேறு. கேஸ் கசியும் அந்தப் பழுதோடு ஒரு ஹாப் எப்படி என் வீட்டு மேடைக்குள் இறக்கப்பட்டது, அதை யாரும் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் இல்லாததால்தான் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

ஹாப் மாட்ட வந்த தம்பி வேலை தெரியாதவர் இல்லை. மேடையில் வெட்டிய இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, விளிம்பில் நுரைப் பட்டையை ஒட்டி, கிளாம்ப் போட்டு இறுக்கினார். அடியில் இருக்கும் கேஸ் இணைப்பை ஸ்பேனரால் முடுக்கினார். கடைசியில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அந்த ஜாயிண்ட் பக்கம் கொண்டுபோனார். "பாருங்க சார், பத்திக்கல. லீக் இல்லை" என்றார். வேலை முடிந்ததற்கு அடையாளமாக என் போனுக்கு வந்திருந்த எண்ணைக் கேட்டார், சொன்னேன். அவர் செருப்பு மாட்டுவதற்குள் "வேலை முடிந்தது" என்று செய்தி வந்துவிட்டது. அன்று அவருக்கு இன்னும் 5 வீடு பாக்கி இருந்தது.

மூன்றாம் நாள் விடியற்காலை தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை வாசலுக்கு வந்தேன். கேஸ் வாடை முகத்தில் அடித்தது. உள்ளே அம்மா வெந்நீருக்குப் பாத்திரத்தை வைத்துவிட்டு, ஹாப்பின் குமிழில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். அம்மாவுக்கு 71 வயது. சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலோடு அவருக்கு மோப்பம் போய்விட்டது. பூவும் தெரியாது, புகையும் தெரியாது. நான் கத்திய கத்தலில் கையை எடுத்தார். இன்றுவரை அந்தக் கையைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். கட்டைவிரல் குமிழை அழுத்திவிட்டிருந்தது, திருப்புவதுதான் பாக்கி.

விளக்கு சுவிட்ச் பக்கம் போகாமல் ஜன்னல்களைத் திறந்தேன், ரெகுலேட்டரை மூடினேன், அம்மாவை வெளியே கூட்டிவந்தேன். வாடை முழுக்கப் போய் வெகுநேரம் கழித்து, பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு ஹாப்பின் அடி ஜாயிண்ட்டில் தடவிவிட்டு, ஒரு நிமிடம் மட்டும் ரெகுலேட்டரைத் திறந்தேன். குன்றிமணி அளவில் ஒரு குமிழி எழுந்தது, பெரிதாகி உடைந்தது. அதே இடத்தில் அடுத்தது. மறுபடி மூடிவிட்டேன். பிறகு வந்த வேறொரு மெக்கானிக் நட்டைக் கழற்றியதும், உள்ளே வாஷர் ஒரு பக்கமாக மடிந்து கிடந்ததைக் காட்டினார். 2 நிமிடம் நுரை போட்டுப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

தீக்குச்சியால் ஏன் அது தெரியவில்லை என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சிறிய கசிவு காற்றில் கலைந்துபோனால் குச்சிக்குப் பிடிக்காது. கசிவு பெரிதாக இருந்தால், குச்சி பிடித்திருப்பவரின் கையிலேயே பிடிக்கும். எப்படிப் பார்த்தாலும் அது சோதனையே இல்லை. இது உங்கள் பயிற்சிக் கூடங்களிலும் சொல்லிக் கொடுக்கப்படும் பாடம்தான் என்று நம்புகிறேன். அப்படியானால் வீட்டுக்கு வரும்போது அந்தப் பாடம் எங்கே போகிறது?

பழைய கேஸ் ஸ்டவ் மேடைக்கு மேலே, கண்ணுக்கு முன்னால் இருந்தது. டியூப் செருகிய இடம் தெரியும், கை எட்டும், கசிந்தாலும் திறந்த அறையில் கொஞ்சம் கலையும். ஹாப் வந்ததும் அந்த ஜாயிண்ட் மேடைக்கு அடியில், கதவு போட்ட அலமாரிக்குள் போய்விட்டது. சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாது, கீழே இறங்கித் தேங்கும். காற்றோட்டத்துக்கு அடியில் ஒரு துளைகூட இல்லாத அலமாரி அதைப் பெட்டியில் போட்டு வைத்ததுபோலச் சேர்த்து வைக்கும். காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 2 பங்கு சேர்ந்தாலே அது பற்றிக்கொள்ளும். அதில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்ற கணக்கில்தான் மெர்காப்டன் என்ற வாடைப் பொருளைக் கலக்கிறார்கள். அந்தக் கணக்கில் என் அம்மா இல்லை. சளி பிடித்தவர்கள் இல்லை, வயதாகி மோப்பம் மங்கியவர்கள் இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்து அறையில் தூங்குகிறவர்களும் இல்லை.

"எங்கள் ஹாப்பில் தீ அணைந்தால் கேஸ் தானாக நிற்கும்" என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறீர்கள். நல்ல வசதி, மறுக்கவில்லை. பர்னர் ஓரத்தில் நின்று தீயின் சூட்டை உணரும் தெர்மோகப்பிள் என்ற கம்பி ஆறினால் குமிழுக்குள் இருக்கும் வால்வு மூடிக்கொள்ளும். ஆனால் என் வீட்டில் கசிந்தது அந்த வால்வுக்கு முன்னால், கேஸ் உள்ளே நுழையும் இடத்தில். எல்லாக் குமிழ்களும் மூடியிருந்தாலும் ரெகுலேட்டர் திறந்திருக்கும் வரை அங்கே கசிந்துகொண்டுதான் இருக்கும். இதை வாங்கும்போதும் யாரும் சொல்லவில்லை, மாட்டும்போதும் சொல்லவில்லை. தானாக நிற்கும் என்று நம்பி, இரவில் ரெகுலேட்டரை மூடும் பழக்கத்தையே நாங்கள் விட்டிருந்தோம்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். குமிழ்களை எல்லாம் மூடி, ரெகுலேட்டரைத் திறந்து வைத்து, ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் சோப்பு நுரை போட்டு, வீட்டில் இருப்பவரைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகு போனுக்கு வந்த அந்த எண்ணைக் கேளுங்கள். ரெகுலேட்டர் மூடியிருக்கும்போது நுரை போடுவது சோதனை ஆகாது. அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் தங்கை வீட்டுக்கு வந்த புது ஹாப்பில் முதல் நாளிலிருந்தே தீ மஞ்சளாக, உயரமாக எரிந்தது. பாத்திரத்தின் அடியெல்லாம் கரி. போன் செய்தால் "புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிடும்" என்று பதில். ஒரு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அவர்கள் வீட்டில் இருப்பது சிலிண்டர். பொருத்தியிருந்தது குழாய்வழி இயற்கை எரிவாயுவுக்கான ஜெட், அதாவது பர்னருக்குள் கேஸை விடும் துளை முனை. அதன் துளை பெரியது. அதில் சிலிண்டர் கேஸ் போனால் அளவுக்கு மேல் வரும், எரியக் காற்று போதாது, கரியோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு வாடையே கிடையாது. சின்னக் குழந்தை இருக்கும் வீடு அது. எந்த கேஸ் என்று ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? ஹாப்பின் சூடான அடித்தகட்டில் உரசிக்கொண்டு தொங்கும் டியூப், எரியும் பர்னருக்கு மேல் கையை நீட்டினால்தான் எட்டும் வால்வு என்று பார்த்ததை எல்லாம் எழுதினால் இந்த மடல் முடியாது. உங்கள் கையேட்டில் இவை எல்லாமே இருக்கின்றன, எறும்பு எழுத்தில், கடைசிப் பக்கங்களில். மாட்டுகிறவர் அதைப் பையிலிருந்து எடுத்ததை நான் பார்க்கவில்லை.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். வந்த தம்பிமேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு வைப்பவர்கள் நீங்கள். நுரை போட்டுப் பார்க்கும் அந்த 2 நிமிடத்தை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியவர்களும் நீங்கள்தான். அவர் பையில் ஒரு சோப்புத் தண்ணீர் பாட்டிலும் பிரஷ்ஷும் வையுங்கள். தீக்குச்சியைக் கொளுத்தக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். ஜாயிண்ட்டை மூடும் முன் நுரை போட்டு எங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். தயவுசெய்து இதை ஒரு தனிப் புகாராக எடுத்து முடித்துவிடாமல், எல்லா வீட்டுக்கும் பொருந்தும் நடைமுறையாக மாற்றி, மாற்றிய தேதியோடு எனக்குப் பதில் அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

என் வீட்டில் இப்போது கசிவு இல்லை. அலமாரியின் அடியில் காற்றுப் போகத் துளை போட்டாயிற்று, இரவில் ரெகுலேட்டரை மூடுகிறோம். இருந்தாலும் அம்மா தினமும் விடியற்காலையில் என் அறைக்கு வந்து, தோளைத் தொட்டு எழுப்புகிறார். "ஒரு நிமிஷம் வந்து மோந்து பாருப்பா, அப்புறம் பத்த வைக்கிறேன்" என்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் ஹாப்பை வாங்கிய வீடுகளில் ஒன்றிலிருந்து